முதுகில் எழுதிய விரல்

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகுமாம். அதுவரை இந்த ஒற்றை மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுவதற்குப் பதில் ஒன்று சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற விஷயம் இல்லை இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. இன்சூரன்ஸ் க்ளெய்ம் விசாரிப்பதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. அப்பா போய்விட்டார் என்று ஒருவன் அழுதுகொண்டு வந்து நின்றால்கூட, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு என்று கேட்பேன். வீட்டில் என் மனைவி என்னிடம் எதையும் விவரமாகச் சொல்வதை நிறுத்தியே பல வருடம் ஆகிவிட்டது. இது என் நண்பனுடைய அக்காவுக்கு நடந்தது. அவன் சொன்னபோது நானும் இப்போது நீங்கள் சிரிப்பது மாதிரிதான் சிரித்தேன். அப்புறம் அக்காவை, அவள் வீட்டுக்காரரை, அவருடைய தம்பியை, மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு எங்கேயாவது இடிக்கும் என்று பார்த்தேன்... இடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மாலை நாலே முக்கால். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கக் கிளம்பியிருந்தார்கள். பெரிய சாலையை விட்டு இறங்கினால் பதினோரு கிலோமீட்டர் காட்டுப் பாதை. எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. செல்போனில் சிக்னல் ஒரு கோடாகி, அதுவும் போய்விட்டது. வண்டியை ஓட்டியது அக்கா. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். என் நண்பன் அவரைப் ‘பிரேக் மாமா’ என்றுதான் சொல்வான். நாமும் மாமா என்றே வைத்துக்கொள்வோம். பின் சீட்டில் மாமாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவன், வீட்டில் அவனுக்கு ‘வாலு’ என்று பெயர். தூங்குகிறவன் மீசையில் பற்பசை தடவுகிற ரகம். அவன் மடியில் கால் போட்டுக்கொண்டு அக்காவின் ஒரே பெண், குட்டி. எட்டு வயது.

குட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. இரண்டு காதிலும் மெஷின் மாட்டினால் கேட்கும். நன்றாகவே பேசுவாள், பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயர் வேறு. ஆனால் படுக்கும்போது மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட வேண்டும். அதன் பிறகு தலைமாட்டில் இடி விழுந்தாலும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது. அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். குட்டியின் முதுகில் விரலால் எழுதுவாள், ஒவ்வோர் எழுத்தாக. குட்டி பதிலை எழுதியவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவாள். மாமாவும் எழுதுவார், வாலுவும் எழுதுவான். இருட்டில் அம்மாவும் பெண்ணும் அப்படி அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்களாம்.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. ஒரு தடவை அவர்கள் குடியிருப்பில் மீட்டர் பெட்டி தீப்பிடித்துப் படிக்கட்டெல்லாம் புகை. தூக்கத்தில் எழுப்பியதும் குட்டி, என்ன ஏது என்று புரியாமல் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். இழுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து சட்டம்... முதுகில் எழுதினால் உடனே செய்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. குட்டியும் அப்படியே பழகிவிட்டாள். யார் எழுதுகிறார்கள் என்று அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கிற மூன்று பேரைத் தவிர வேறு யார் எழுதப்போகிறார்கள்?

இடம் என்று பார்த்தால் அழகான இடம்தான். ஆற்றங்கரையில் மணல் மேடு, எட்டுக் கூடாரம் போடலாம். அன்றைக்கு வேறு ஒரு குடும்பமும் வரவில்லை. காவலாள் ஒருவர்தான், ஐம்பது வயது இருக்கும், கையில் குப்பை கூட்டுகிற நீளமான பல்வைத்த வாரி. நம் ஆட்கள் கூடாரம் அடித்து முடித்ததும், அவர் சுற்றிலும் மணலை வாரியால் கோடு கோடாக வாரிவிட்டார். ராத்திரி நரியோ பன்றியோ வந்தால் காலையில் தடம் தெரியும் என்று காரணம் சொன்னார். வாரிக்கொண்டே குட்டியைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். அவள் காதில் இருந்த மெஷினைப் பார்த்து, ராத்திரியும் மாட்டிக்கொள்வாளா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. அவர் வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். போகிற போக்கில், பிள்ளையை நடுவில் படுக்கவையுங்கள் என்றார்.

அக்காவுக்கு அப்போதே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். பிள்ளைக்குக் காது கேட்குமா, எப்போது கேட்காது என்று தெரிந்துகொள்வதில் ஒரு காவலாளுக்கு என்ன அக்கறை?

நடுவில் படுக்கவைக்கவில்லை. மாமா தூக்கத்திலும் பிரேக் மிதிப்பார், உதை வாங்க முடியாது என்று குட்டி ஆற்றுப் பக்கம் ஓரமாகப் படுத்தாள். கூடாரத் துணியை ஒட்டி அவள், நடுவில் அக்கா, அந்தப் பக்கம் மாமா. வாலுவுக்குப் பத்தடி தள்ளித் தனியாக ஒரு சின்னக் கூடாரம்.

முதல் ராத்திரி இரண்டு மணி வாக்கில் அக்காவுக்கு லேசாக விழிப்பு வந்தது. ஆற்றுச் சத்தம் மட்டும்தான். நிலா ஆற்றுக்கு மேலே இருந்தது, அந்தப் பக்கத்துத் துணி வெள்ளையாகத் தெரிந்தது. குட்டி துணியைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு விரலால் துணியில் ஏதோ எழுதினாள்... நிறுத்தினாள். திரும்பி முதுகைத் துணியில் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அப்புறம் மறுபடி திரும்பி எழுதினாள். புது இடம், தூக்கம் வராமல் விளையாடுகிறாள் என்று அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

காலையில் மெஷினை மாட்டியதும் குட்டி சொன்னாள், ராத்திரி முழுக்க அப்பா அவளோடு வெளியே இருந்து பேசிக்கொண்டே இருந்தாராம். மாமா திருதிருவென்று விழித்தார். அவர் படுத்தது ஒன்பதரைக்கு, எழுந்தது ஆறுக்கு. அக்கா நேராக வாலுவைப் பார்த்தாள். அவன் சிரித்தான். நான் இல்லை என்றான், மறுபடி சிரித்தான். நீங்களே சொல்லுங்கள், அவனை எப்படி நம்புவது? ஆறு வருடமாக அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் அவன் அப்படித்தான் சிரித்திருக்கிறான். காவலாளையும் அக்கா ஒரு பார்வை பார்த்து வைத்தாள். அவர் விடிவதற்கு முன்பே வந்து, ஆற்றுப் பக்கத்து மணலை மட்டும் குனிந்து பார்த்துவிட்டுப் போனதை அவள் ஜிப் சந்து வழியாகக் கவனித்திருந்தாள்.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். மாமா மூன்று வருடத்துக்குப் பிறகு சேர்ந்தாற்போல் லீவு எடுத்திருந்தார், குட்டியும் தண்ணீரை விட்டு ஏற மாட்டேன் என்றாள். அதோடு அக்காவுக்கு ஒரு வீம்பு. வாலுவோ காவலாளோ, யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். குட்டியை இடம் மாற்றினால் வருகிறவன் உஷாராகிவிடுவான். அதனால் இரண்டாவது ராத்திரியும் குட்டியை அதே ஓரத்தில் படுக்கவைத்தாள். தான் தூங்காமல் பார்த்துக்கொள்வதாக மாமாவிடம் சொன்னாள். அந்த முடிவுக்காக இன்றுவரை அவள் தன்னை மன்னிக்கவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும்தான் என் முன்னால் அழுதாள்.

ஏனென்றால் தூங்கிவிட்டாள். பகல் முழுக்க நீச்சல், உடம்பு கேட்குமா?

அவளை எழுப்பியது ஒரு சத்தம். கிர்ர்ர்... நிறுத்தம். கிர்ர்ர்... கூடாரத்தின் ஜிப். கண்ணைத் திறந்தால், காலடியில் குட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டாள். ஒரு கால் வெளியே. திறந்த சந்து வழியாக ஒரு வாடை வந்தது. துணியை வாளியில் ஊறப்போட்டு நாலு நாள் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

அக்கா பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குட்டி பயப்படவில்லை. நிதானமாக அக்காவின் உள்ளங்கையில் எழுதினாள். ‘அப்பா வெளியே கூப்பிட்டாங்க.’

அப்பா அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே கத்தியிருப்பார்கள். அக்கா கத்தவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஜிப்பை மூடினாள். குட்டியை நடுவில் போட்டுப் போர்வையால் மூடினாள். குட்டி படுத்திருந்த இடத்தில் தான் படுத்துக்கொண்டாள், முதுகைத் துணியில் ஒட்டி. அக்கா பிசியோதெரபிஸ்ட். ஒரு நாளைக்கு இருபது பேர் கையைப் பிடித்து மடக்கி நீட்டுகிறவள். விரல் பட்டாலே ஆளைச் சொல்லிவிடுவாள். வாலுவின் ஆள்காட்டி விரல் கிரிக்கெட்டில் உடைந்து கோணலாகச் சேர்ந்தது, அது மடங்கும்படி தேய்த்துப் பழக்கியது அவள்தான், கோணல் மட்டும் போகவில்லை. வரட்டும், அந்த விரலைத் துணியோடு பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

பத்து நிமிஷம் இருக்கும்... ஒன்றும் இல்லை. அப்புறம் தவளைச் சத்தம் நின்றது.

தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு விரல் பட்டது.

உடனே எழுதவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அக்கா கணக்குப் போட்டாள். கோணல் இல்லை, வாலு இல்லை. யாராக இருந்தாலும் உயிருள்ள விரலில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், பத்து நொடி அசையாமல் வைத்திருக்கவே முடியாதாம். இது அசையவில்லை. பிறகு மெதுவாகக் கழுத்து வரைக்கும் மேலே போனது. அங்கிருந்து இடுப்பு வரைக்கும் கீழே வந்தது. மறுபடி மேலே. அளந்து பார்த்ததாம். எட்டு வயதுப் பிள்ளையின் முதுகை விட நீளம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் எழுதியது. நான்கே எழுத்து. பொறுமையாக, ஒவ்வொன்றாக.

‘நீ இல்லை.’

அக்கா திரும்பி இரண்டு கையாலும் துணியைக் கொத்தாகப் பிடித்தாள். துணிதான் கையில் வந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. நிலா அந்தப் பக்கம்தானே இருந்தது? ஆள் நின்றால் நிழல் விழ வேண்டும். துணி வெள்ளையாக, காலியாக இருந்தது. அவள் முதுகு பட்ட இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஈரக் கோடுகள்.

அப்போதுதான் கத்தினாள்.

மாமா எழுந்து டார்ச்சைத் தேடினார். வெளியே ஓட்டச் சத்தம். வாலுவும் காவலாளும் ஒன்றாக ஓடி வந்தார்கள், இருநூறு அடி தள்ளியிருந்த காவலாளின் அறையிலிருந்து. விஷயம் என்னவென்றால், நம் வீரனுக்குத் தனியாகப் படுக்கப் பயம். இரண்டு ராத்திரியும் எல்லோரும் தூங்கியதும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு காவலாள் அறைக்குப் போய்ப் படுத்திருக்கிறான். சொன்னால் மானம் போய்விடும் என்று சொல்லவில்லை. அதை மறைக்கத்தான் காலையில் அந்தச் சிரிப்பு.

அக்கா நம்பவில்லை. டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள். கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் எட்டடி மணல். சாயங்காலம் வாரிவிட்ட கோடுகள். ஒரு கோடுகூடக் கலையவில்லை.

அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. “ரெண்டு பேரும் சேர்ந்துதானே பண்ணீங்க? கோட்டைத் திரும்ப வாரிட்டா யாருக்குத் தெரியும்?” என்று வாலுவைப் பார்த்துக் கேட்டாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்ததை மாமா பார்த்தார். அதன் பிறகு அவன் அந்த வீட்டை விட்டே போய்விட்டான். நான் போய்க் கேட்டபோது, “நான் எவ்வளவோ பண்ணியிருக்கேன், ஒத்துக்கறேன். ஆனா குட்டியை வெச்சுப் பண்ணுவேனா?” என்று மட்டும் கேட்டான்.

காவலாள் என்ன செய்தார் தெரியுமா? வாரியை எடுத்து, அந்தக் கலையாத கோடுகளை எல்லோர் முன்னாலும் குறுக்கும் நெடுக்குமாகக் கலைத்தார். என் தொழிலில் தடயத்தை அழிக்கிறவன்தான் முதல் குற்றவாளி. பிறகு ஒரு நாள் அந்த ஆளைத் தேடி அவ்வளவு தூரம் போனேன். மடக்கி மடக்கிக் கேட்டேன். “கோடு கலையாம இருக்கிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கலை சார்” என்றார். அதோடு வாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விடியும் வரை காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட்டார்கள். பெரிய சாலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அக்கா பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். மெஷின் மாட்டியிருந்தது. பயமுறுத்தாமல், விளையாட்டாகக் கேட்டாள், அப்பா என்னவெல்லாம் எழுதினார் என்று.

குட்டி விரல் விட்டுச் சொன்னாள். பெயர் என்ன என்று கேட்டாராம். அப்பாவுக்கே தெரியாத மாதிரி நடித்தாராம். ராத்திரி கூப்பிட்டால் கேட்காதா என்று கேட்டாராம், கேட்காது என்று எழுதினாளாம். பக்கத்தில் படுத்திருப்பது யார், அவள் எப்போது தூங்குவாள் என்று கேட்டாராம். வீட்டில் எந்தப் பக்கம் படுப்பாய் என்று கடைசியாகக் கேட்டாராம்.

“சுவர்ப் பக்கம்னு எழுதினேன்” என்றாள் குட்டி.

மாமாவின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவும் மாமாவும் குட்டியின் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறைக்கு நடுவில் போட்டார்கள். மூன்றாவது மாடி, சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். ஆனாலும் போட்டார்கள். அக்கா சட்டத்தையும் மாற்றினாள். இனிமேல் எழுதுவதற்கு முன்னால் இடது தோளில் இரண்டு தட்டு தட்டுவோம். தட்டாமல் எழுதினால் அது நாங்கள் இல்லை, எதையும் செய்யாதே, ஓடி வந்து அம்மாவை எழுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு, குட்டிக்கு மட்டும் செய்து காட்டினாள். மாமாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பத்து நாள் அக்கா குட்டியின் பக்கத்திலேயே படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெண் நன்றாகத் தூங்கினாள், பள்ளிக்கூடம் போனாள், வாயாடினாள். அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டாள். நாம்தான் அரண்டுவிட்டோமோ, வாலுவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தாள்.

பதினோராவது நாள் தன் அறையில் போய்ப் படுத்தாள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலை ஆறு மணிக்குப் போனால்... கட்டில் சுவரோரம் இருக்கிறது. இரும்புக் கட்டில். தரையில் நான்கு காலும் இழுபட்ட கீறல். குட்டி முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறாள். உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன. தனியாகத் தள்ளியிருக்கிறாள்.

அக்கா அவளை எழுப்பி மடியில் உட்காரவைத்தாள். மெஷினை மாட்டினாள். கட்டிலை ஏன் தள்ளினாய் என்று கேட்டாள். குட்டி அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நீதானேம்மா தள்ளச் சொன்னே? ரெண்டு தட்டு தட்டிட்டுத்தானே எழுதினே?”

குட்டி கண்ணைக் கசக்கினாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“ஆனா, ‘அம்மாகிட்ட சொல்லாதே’ன்னு ஏம்மா எழுதினே?”